ரத்தம் வேண்டாம் என்று நீங்கள் கழற்றிய நான்கு வருடங்கள்: டர்பன் விழாக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

விழாக்குழுவினருக்கு,

தென்னாப்பிரிக்க சுதந்திர நாள் படக்கண்காட்சிக்காக நான் தேர்ந்து கொடுத்தவற்றில், 1990க்கும் 1994க்கும் நடுவே எடுக்கப்பட்ட படங்களைப் பெரும்பாலும் நீக்கிவிட்டதாகக் குழுவின் வாட்ஸாப்பில் தகவல் வந்தது. காரணம் ஒரே வரி: "குடும்பத்தோட வர்ற நிகழ்ச்சி, ரத்தம் வேண்டாம்." அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். எந்தப் படம், எங்கே எடுத்தது, எதற்காக வைத்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கூடவே இன்னும் இரண்டு முடிவுகள். எடுத்தவர் பெயரைப் படத்துக்குக் கீழே போட்டால் வடிவமைப்பு கெடுகிறதாம், அதனால் கடைசிப் பலகையில் பொடி எழுத்தில் மொத்தமாக ஒரு நன்றி. அப்புறம், கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு ஏஐ வைத்து வண்ணம் ஏற்றப் போகிறீர்கள். நேரில் உட்கார்ந்து பேசலாம் என்றேன், அச்சுக்குப் போகிற நேரம் என்றீர்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். சங்கத்தின் பெயரையும் உங்கள் பெயர்களையும் இங்கே இழுக்கப் போவதில்லை.

இப்போது சுவரில் மிஞ்சியிருப்பது என்ன என்று ஒருமுறை நடந்து பாருங்கள். 1860இல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு வந்த ட்ரூரோ கப்பல். கரும்புத் தோட்டம். தில்லையாடி வள்ளியம்மை, காந்தி. அப்புறம் 1990 பிப்ரவரி 11, மண்டேலாவும் வின்னியும் கைகோத்து முஷ்டியை உயர்த்தியபடி சிறை வாசலிலிருந்து நடந்து வரும் படம். அதற்கு அடுத்த ஆணியில் 1994 ஏப்ரல், வாக்குச்சாவடி வரிசை. அவ்வளவுதான். சிறையிலிருந்து நடந்தவர் நேராக வந்து ஓட்டுப் போட்டுவிட்டார் என்றுதான் இங்கே படிக்கிற எட்டாம் வகுப்புப் பிள்ளை நினைத்துக்கொள்ளும். நடுவில் இருந்த நான்கு வருடங்களில் இந்த நாட்டில் அரசியல் வன்முறையில் ஏறத்தாழ 14,000 பேர் செத்தார்கள். அதில் பெரும்பங்கு நம் க்வாஸுலு-நட்டால் மாகாணத்திலும், ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றியிருந்த தொழிலாளர் குடியிருப்புகளிலும். பேச்சுவார்த்தை மேசையில் அரசியல் சட்டம் எழுதப்பட்டுக்கொண்டிருந்த அதே வாரங்களில் இது நடந்தது.

"அதெல்லாம் ஜோகன்னஸ்பர்க் கதை" என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, பீட்டர்மாரிட்ஸ்பர்க் நம் மண்டபத்திலிருந்து நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம்கூட இல்லை. அதன் பக்கத்தில் ஈடன்டேல் பள்ளத்தாக்கில், மண்டேலா வெளியே வந்து இரண்டு மாதம்கூட ஆகாத 1990 மார்ச் கடைசியில் நடந்த தாக்குதல்களுக்கு இன்றும் ஏழு நாள் போர் என்றுதான் பெயர். வீடுகள் எரிந்தன, ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டை முடிச்சோடு ஓடினார்கள். தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இல்லாதபோது, 1994 மார்ச் 31 அன்று, இந்த மாகாணம் முழுக்க நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. மண்டேலாவின் கட்சியோடு மோதிக்கொண்டிருந்த, ஜூலு மக்களிடையே வலுவான இன்காதா கட்சி தேர்தலில் சேருவதா இல்லையா என்பதே ஏப்ரல் 19இல்தான் முடிவானது. அதற்குள் வாக்குச்சீட்டு அச்சாகிவிட்டதால், சீட்டின் அடியில் அவர்கள் பெயரைத் தனியாக ஒரு ஒட்டுத்தாளில் ஒட்டினார்கள். ஓட்டுப் பெட்டி பக்கத்து ஊர் வரைக்கும் வந்து சேருமா, சேர்ந்தால் உயிரோடு வீடு திரும்ப முடியுமா என்று தெரியாமல் இருந்த மாகாணம் இது. இதில் எந்தப் படத்தை நாம் வேறு ஊர்க் கதை என்று கழற்ற முடியும்?

நீங்கள் விட்டுவைத்த வரிசைப் படம் எனக்கும் ரொம்பப் பிடித்தது. ஜோகன்னஸ்பர்க்கின் சொவெட்டோ குடியிருப்பில் ஹெலிகாப்டரிலிருந்து டெனிஸ் ஃபாரல் எடுத்தது, மனிதர்கள் வளைந்து வளைந்து புல்வெளியில் கோடு போட்டதுபோல நிற்பார்கள். ஆனால் அதைத் தனியாக மாட்டினால் ரேஷன் கடை வரிசை மாதிரிதான் இருக்கும், இன்னும் கொஞ்சம் நீளம், அவ்வளவே. அந்த வரிசையின் அருமை அங்கே நின்றவர்கள் எதையெல்லாம் மீறி வந்து நின்றார்கள் என்பதில் இருக்கிறது. வாக்களிப்புக்கு மூன்று நாள் முன்பு, ஏப்ரல் 24 அன்று, ஜோகன்னஸ்பர்க் நகர மையத்தில் வெள்ளைத் தீவிரவாதிகள் வைத்த கார் குண்டு வெடித்திருந்தது. வாக்களிப்பு நாளன்று காலையிலேயே விமான நிலையத்தில் இன்னொன்று. அதற்கு முந்தைய வருடம் ஏப்ரலில் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் கிறிஸ் ஹானியை வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றிருந்தார்கள். இதெல்லாம் தெரிந்துதான் கிழவிகளும் கர்ப்பிணிகளும் வெயிலில் நின்றார்கள். அச்சத்தின் படங்களை எடுத்துவிட்டு தைரியத்தின் படத்தை மட்டும் வைத்தால், பார்க்கிறவனுக்கு தைரியம் என்று எதை அடையாளம் காட்டுவீர்கள்?

அந்தப் படங்களை எடுத்தவர்களும் அதே அச்சத்துக்குள்தான் நின்றார்கள். 1994 ஜனவரி 9 அன்று ஜோகன்னஸ்பர்க் அருகே கட்லெஹோங்கில், மண்டேலாவின் கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தலைவர்கள் நிலைமையைப் பார்க்கப் போனபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில் அப்துல் ஷரீஃப் என்ற புகைப்படக்காரர் இறந்தார். ஏப்ரல் 18 அன்று, தேர்தலுக்கு ஒன்பது நாள் இருக்கையில், பக்கத்திலேயே தொகோசாவில் கென் ஊஸ்டர்புரூக் சுடப்பட்டு இறந்தார். கிரெக் மரினோவிச் நெஞ்சில் குண்டு பாய்ந்து பிழைத்தார். அவர்கள் அன்று போனது, அமைதி காப்பதற்காகப் புதிதாக அமைத்த படையின் கூடவே. இரு தரப்புக்கும் நடுவே நிற்க வேண்டிய அந்தப் படை பதறிப்போய்ச் சுட்டதுதான் காரணம் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் கூட்டாளி ஜோவாவ் சில்வா அந்த நிமிடத்திலும் கேமராவைக் கீழே வைக்கவில்லை, நண்பர் கிடந்ததையும் எடுத்தார். அது சரியா தப்பா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அதில் ஒரு தயக்கமும் இல்லை. எடுத்திருக்கவே வேண்டும், அது அவர் வேலை. அந்தப் படமும் நீங்கள் கழற்றியவற்றில் ஒன்று.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். குழந்தைகள் வருவார்கள் என்ற கவலை பொய்யில்லை. 1990 செப்டம்பரில் சொவெட்டோவில் மரினோவிச் எடுத்த, எரிகிற மனிதரின் படத்தை நுழைவாயிலில் மாட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பக்கத்து அறையில், வாசலில் எச்சரிக்கைப் பலகை வைத்து, பெரியவர்கள் விரும்பினால் உள்ளே போய்ப் பார்க்கட்டும் என்றுதான் என் பட்டியலிலேயே எழுதியிருந்தேன். ஆனால் அந்தப் படத்தை மொத்தமாக எடுத்துவிட்டால் என்ன போகிறது என்று பாருங்கள். கொல்லப்பட்டவரை இன்காதா உளவாளி என்று சந்தேகித்தார்கள். கொன்றவர்கள் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் ஆதரவாளர்கள், அதாவது நம் சுவரில் கடைசியில் சிரித்துக்கொண்டு வெற்றி பெறுகிற தரப்பு. அதற்கு அடுத்து நான் வைத்திருந்தவை 1992 ஜூனில் பாய்படோங்கில் இன்காதா ஆட்கள் தொழிலாளர் விடுதியிலிருந்து போய் வெட்டிச் சாய்த்தவர்களின் சவ அடக்கமும், அதே வருடம் செப்டம்பரில் பிஷோவில், நிறவெறி அரசு உருவாக்கிய சிஸ்கெய் என்ற தனிப்பகுதியின் படையினர் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் ஊர்வலத்தின் மேல் சுட்ட படமும். மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால்தான் எல்லாப் பக்கமும் கையில் ரத்தம் இருந்தது, அதற்கு மேலே நிறவெறி அரசு யார் யாருக்கு ஆயுதம் கொடுத்தது என்ற கேள்வியும் இருந்தது என்பது புரியும். ரத்தம் வேண்டாம் என்று சொல்லும்போது, யார் கையில் ரத்தம் என்பதையும் சேர்த்தே துடைத்துவிடுகிறோம். மரினோவிச்சின் படம் புலிட்சர் வாங்கியது எல்லோருக்கும் தெரியும். ஆரம்பத்தில் அவர் படங்கள் செபாஸ்டியன் பாலிச் என்ற பொய்ப்பெயரில் வெளிவந்தன என்பதும், கொலைக்குச் சாட்சியாக அவரைப் பிடிக்கப் போலீஸ் அலைந்தது என்பதும் பலருக்குத் தெரியாது. படம் எடுப்பவனைப் போலீஸின் ஆள் என்று ஒருமுறை நினைத்துவிட்டால் அடுத்த தெருவில் அவன் உயிர் போகும், அதுதான் அன்றைய கணக்கு.

பெயர்ப் பிரச்சினைக்கு வருகிறேன். நீங்கள் அதை வடிவமைப்புச் சங்கதி என்கிறீர்கள். 1976 ஜூன் 16, சொவெட்டோ மாணவர் போராட்டத்தில் போலீஸ் சுட்ட சிறுவன் ஹெக்டர் பீட்டர்சனைத் தூக்கிக்கொண்டு ஓடும் படம் உங்கள் அழைப்பிதழிலேயே இருக்கிறது, எடுத்தவர் பெயர் இல்லாமல். சாம் நெசிமா. படம் எடுத்த உடனே ஃபிலிம் சுருளைக் காலுறைக்குள் செருகிவைத்தார், போலீஸ் பிடுங்கிவிடும் என்று. படம் உலகமெல்லாம் போனது. அவருக்குக் கிடைத்தது மிரட்டல். வேலையை விட்டு, ஜோகன்னஸ்பர்க்கை விட்டு, லில்லிடேல் கிராமத்துக்குப் போனார், அங்கேயும் வீட்டுக் காவல். அவர் வேலை செய்த பத்திரிகையை அடுத்த வருடம் அரசு தடைசெய்தது. பேனர், டீ ஷர்ட், நினைவுச்சின்னம் என்று எல்லா இடத்திலும் அந்தப் படம் ஓடிக்கொண்டிருக்க, அதன் உரிமை அவர் கைக்கு வந்தது 1998இல். ஜனநாயகம் வந்து நான்கு வருடம் கழித்து, படம் எடுத்து 22 வருடம் கழித்து. 2018இல் இறந்துபோனார். இப்படிப் பெற்ற பெயரை நாம் பொடி எழுத்தில் போட்டு மூலைக்கு அனுப்பக் கூடாது. பீட்டர் மகுபானேவை 586 நாள் தனிமைச் சிறையில் வைத்தார்கள், அப்புறம் ஐந்து வருடம் படமே எடுக்கக் கூடாது என்று தடை. ரொட்டியைக் குடைந்து அதற்குள் கேமராவை ஒளித்துப் படம் எடுத்த மனிதர். எர்னஸ்ட் கோல் நாடுகடந்து, நியூயார்க்கில், மண்டேலா வெளிவந்த அடுத்த வாரம் இறந்தார். அவருடைய நெகட்டிவ்கள் ஆயிரக்கணக்கில் 2017இல் சுவீடனில் ஒரு வங்கிப் பெட்டகத்திலிருந்து கிடைத்தன. நம் டர்பன்காரர்களையும் மறக்க வேண்டாம்: போராட்டத் தலைவர்கள் லுத்துலியையும் மாண்டி நாயக்கரையும் எடுத்த ரஞ்சித் காலி, 1982இல் அஃப்ராபிக்ஸ் என்ற புகைப்படக்காரர் கூட்டமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஒமர் பாட்ஷா. இவர்கள் பெயரெல்லாம் கெடுக்கிற அளவுக்கு அப்படி என்ன வடிவமைப்பு அது?

நான் பிழைப்புக்குச் செய்வது பழைய நெகட்டிவ்களைச் சுத்தம் செய்து ஸ்கேன் எடுக்கிற வேலை. கெட்டுப்போன ஃபிலிமில் வினிகர் நாற்றம் அடிக்கும், உறையைப் பிரித்தாலே தெரிந்துவிடும் அது இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று. எண்பதுகளின் உறைகளில் பலவற்றில் "கலவரம்" என்று ஒரு சொல், ஒரு தேதி, ஊர்ப் பெயர், அவ்வளவுதான் இருக்கும். 1985 நவம்பரிலிருந்தே நெருக்கடி நிலைப் பகுதிகளில் கலவரத்தைப் படம் எடுப்பதற்கே தடை, அடுத்த வருடம் நாடு முழுக்க. அந்த நிலைமையில் யார் உறையின் மேல் ஆட்கள் பெயரை எழுதிவைப்பார்கள்? ஒருநாள் டர்பனை ஒட்டிய க்வாமாஷுவிலிருந்து ஒரு அம்மா வந்தார், பேத்தியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு. தம்பியின் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை, வீடு எரிந்தபோது ஆல்பமும் எரிந்துவிட்டது, சவ ஊர்வலத்தில் யாரோ படம் எடுத்தார்கள், அது இருக்குமா என்றார். தேடி எடுத்தோம். திறந்த பெட்டி, முகம் தெரிந்தது, காயமும் தெரிந்தது. பேத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த அம்மா திருப்பவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: இதில் இவன் பெயரை எழுதியிருக்கிறீர்களா? எழுதவில்லை என்றதும் பேனா கேட்டார். அந்தப் படத்தைக் கண்காட்சியில் வைக்க அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சம்மதம் என்னிடம் இருக்கிறது. நீங்கள் ரத்தம் வேண்டாம் என்று தள்ளியதில் அதுவும் போய்விட்டது. அவரிடம் நான் என்ன சொல்ல?

வண்ணம் ஏற்றுகிற விஷயம் இதைவிட மோசம். மாதிரிக்கு ஒரு படம் அனுப்பினீர்கள், தொழிலாளர் விடுதி வாசலில் ஆட்கள் கம்போடு நிற்பது. அதில் தலையில் கட்டிய துணிப் பட்டைகள் அழகாக நீல நிறமாகியிருக்கின்றன. அன்றைக்கு அந்தக் குடியிருப்புகளில் சிவப்புப் பட்டை கட்டினால் இன்காதா என்று அர்த்தம். நீ யார் பக்கம், இந்தத் தெருவில் நடக்கலாமா என்பதைத் துணியின் நிறமும் சட்டையின் நிறமும்தான் சொன்னன. கணினி ஒரு யூகத்தில் ஒருவனுக்கு மஞ்சள் சட்டை போட்டுவிட்டால், செத்தவனைக் கட்சி மாற்றிவிட்டோம். அவன் பிள்ளைகள் வந்து பார்த்தால்?

இன்னொன்றும் இருக்கிறது. இதைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். நம் இந்தியக் குடியிருப்பான சாட்ஸ்வொர்த்தின் வாக்குச்சாவடிப் படத்துக்குக் கீழே "நம் மக்கள் ஒருமித்து விடுதலைக்கு வாக்களித்த தருணம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இது உண்மை இல்லை. 1994இல் நம் இந்தியக் குடியிருப்புகளில் பெருவாரியான ஓட்டு நேஷனல் கட்சிக்கு விழுந்தது, நிறவெறியைக் கொண்டுவந்த அதே கட்சிக்கு. எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. 1949இல் இந்தியர்கள் தாக்கப்பட்ட டர்பன் கலவரத்தைப் பார்த்த பாட்டிகள் அந்த வீடுகளில் இருந்தார்கள், 1985இல் இனாண்டாவிலிருந்து இந்தியக் குடும்பங்கள் ஓடிவந்ததும் காந்தியின் ஃபீனிக்ஸ் குடியிருப்பு எரிந்ததும் பத்து வருடம்கூட ஆகாத பழைய கதை. அந்தப் பயத்தைக் கட்சி நன்றாக அறுவடை செய்தது. ஆனால் அதே மக்கள்தான் 1984இல் வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் என்று தனித்தனி அவை வைத்துக் கறுப்பினத்தவரை ஒதுக்கிய மூன்று அவைப் பாராளுமன்றம் என்ற ஏமாற்றைப் புறக்கணித்தார்கள். இந்தியர்களுக்கென்று வைத்த தேர்தலில் பதிவுசெய்த வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர்தான் போய் ஓட்டுப் போட்டார். பெருமைப்பட வேண்டிய அந்தப் புறக்கணிப்பு ஊர்வலப் படங்களை "போலீஸ் தடியடி இருக்கிறது" என்று நீக்கிவிட்டு, இல்லாத ஒரு பெருமையை 1994க்கு எழுதியிருக்கிறீர்கள். என்ன விசித்திரம் பாருங்கள்!

2021 ஜூலைக் கலவரத்தை நாம் யாரும் மறக்கவில்லை. ஃபீனிக்ஸில் தெருவுக்குத் தெரு தடுப்புப் போட்டிருந்த அந்த நாட்களில் என் போனுக்கு வந்த படங்களில் எத்தனையோ வேறு ஊருடையவை, வேறு வருடத்துடையவை. எடுத்தது யார், எங்கே, எப்போது என்று ஒன்றும் இருக்காது. நம்பினார்கள், தடியை எடுத்தார்கள், மனிதர்கள் செத்தார்கள். தேதியும் இடமும் எடுத்தவர் பெயரும் இல்லாத படத்தை அப்படியே நம்பக் கூடாது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு கண்காட்சி போட வேண்டிய ஊர் இது. நாமே பெயரைப் பிய்த்து, நிறத்தை மாற்றி, விளக்கத்தைப் பொய்யாக எழுதி மாட்டினால் எப்படி?

கேட்பது இவைதான்.

நீக்கிய படங்களைத் திரும்ப வையுங்கள். உடல்கள் தெரியும் படங்களுக்குப் பக்கத்து அறையை ஒதுக்குங்கள். வாசலில் அறிவிப்பும், உள்ளே ஒரு தன்னார்வலரும் போதும், அங்கே உட்கார நானே வருகிறேன். ஊர்வலம், சவ அடக்கம், எரிந்த வீடு, தடியடி ஆகியவை முதன்மைச் சுவரிலேயே, அந்தந்த வருடத்தின் இடத்தில் வர வேண்டும். க்வாமாஷு அம்மாவின் தம்பி படம் எங்கே வர வேண்டும் என்பதை அவரையே கூப்பிட்டுக் கேளுங்கள், கார் அனுப்பி அழைத்து வாருங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் கீழேயே எடுத்தவர் பெயர், இடம், நாள். படத்தில் இருப்பவர் பெயர் தெரிந்து, குடும்பத்தின் சம்மதமும் இருந்தால் அதுவும். விளக்கங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருப்பது போதாது. இது யாருடைய சாவைப் பற்றிய கண்காட்சியோ அவர்கள் மொழியான ஜூலுவிலும் வேண்டும். மொழிபெயர்த்துத் தர இரண்டு ஆசிரியர்கள் தயாராக இருக்கிறார்கள், காசு கேட்கவில்லை.

வண்ணம் ஏற்றுவதை நிறுத்துங்கள். ஏற்கெனவே அச்சான பலகை இருந்தால் அதன் மறுஅச்சுச் செலவில் என் பங்கைத் தருகிறேன். சாட்ஸ்வொர்த் படத்தின் விளக்கத்தை மாற்றுங்கள். நான் எழுதி அனுப்பியிருக்கும் நான்கு வரியில் யாரையும் திட்டவில்லை, நடந்ததை மட்டும் சொல்லியிருக்கிறேன். அதில் எந்தச் சொல் தப்பு என்று காட்டினால் பேசலாம்.

பலகைகள் அச்சுக்குப் போவதற்கு முன், வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலேயே இதை வாக்கெடுப்புக்கு வையுங்கள், முடிவைக் காரணத்தோடு எழுத்தில் தாருங்கள். முடியாது என்பதுதான் பதில் என்றால், கண்காட்சியின் "தேர்வு" என்ற இடத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். என் வழியாக வந்த ஸ்கேன்கள் வெட்டாமல், நிறம் மாற்றாமல், பெயரோடு பயன்படுத்துவதற்கென்று அனுமதி வாங்கியவை. அந்த நிபந்தனைக்கு உட்படாத ஒவ்வொரு கோப்பையும் உங்கள் கணினியிலிருந்து அழித்துவிட்டு, அழித்ததை எனக்கு ஒரு வரியில் உறுதிப்படுத்துங்கள்.